காற்றுக் கைப்பிடி

யோருன் கப்பல் சமையலறை வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள்
வெப்பமானி மைனஸ் இருபத்தேழு காட்டியது.
கணப்படுப்பு எனக்குப் பழக்கமில்லை.
பதினாறு வருடம் அது அவள் பக்கம்.
பேருந்தின் ஸ்டியரிங் என் பக்கம்.
டெப்போவை மூடிவிட்டார்கள்.
கைகள் இரண்டும் வீட்டில் சும்மா கிடந்தன.

கீழே காகிதம், அதன்மேல் சுள்ளி, அதன்மேல் கட்டை.
நெருப்பு கீழிருந்துதானே மேலே போகும்?
புகை அடுப்புக் கதவைத் தாண்டி
என்னைப் பார்க்க வந்தது.
படுக்கையறை வரை வந்து பார்த்தது.
அலறிய அலாரத்தை
நாற்காலிமேல் ஏறித் துடைப்பத்தால் அடித்தேன்.

பிறகு சிக்கனம் பிடித்துக்கொண்டது.
காற்றுக் கைப்பிடியை இடப்பக்கம் கடைசிவரை தள்ளிவிட்டால்
ஒரே கட்டை விடியும்வரை கிடக்கும்.
கிடந்தது.
கண்ணாடி கறுத்தது,
அறை சூடாகவில்லை,
எதிர்வீட்டு ஹல்ஸ்டைன்
குளிரில் காற்றாடப் போட்டிருந்த கம்பளிப் போர்வையைத்
தூக்கி வந்து என் மூக்கருகே நீட்டினார்.
ஒன்றும் பேசாமல் மடித்துக்கொண்டு போனார்.
எங்கள் பள்ளத்தாக்கில்
அதற்குப் பெயர் பெரிய சண்டை.

புகைபோக்கி துடைக்க நகராட்சியிலிருந்து இங்வில்ட் வந்தாள்.
கூரையிலிருந்து இறங்கியபோது
வாளியில் தார்போல மினுங்கியது ஏதோ.
'நீங்கள் எரிக்காமல் விட்ட விறகு,' என்றாள்.
நெருப்பில்லாமல் புகையாது என்று நான் சமாளிக்க,
'நெருப்பு போதாமல்தான் புகைகிறது.
கழுத்தைப் பிடித்துக்கொண்டு
மூச்சை மிச்சம் பிடிக்காதீர்கள்.'
காபி வேண்டாம் என்றுவிட்டாள்.
இன்னும் பதினொரு கூரை இருந்தது அவளுக்கு.

இப்போது தலைகீழாக அடுக்குகிறேன்.
பருத்த கட்டைகள் அடியில், குறுக்கே சிராய்கள்,
உச்சியில் ஒற்றைத் தீக்குச்சி.
படி படியாய் இறங்கி வருகிறது நெருப்பு,
அவசரமில்லாத பயணிபோல.
கைப்பிடி முழுக்க வலப்பக்கம்.
அடுப்பு ஓவென்று மூச்சு வாங்கும்போது
இன்னமும் என் கை தானாக அங்கே போகிறது.
கையைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

ஊசி இரண்டு நீட்டிய ஈரமானி ஒன்றும் வாங்கினேன்.
கொட்டகையில் வடக்கு அடுக்கு: முப்பத்தொன்று.
தெற்கு அடுக்கு: பதினாறு.
வேலிக்கம்பம்: இருபத்து நான்கு.
என் கட்டைவிரல்: அளவுக்கு அப்பால்.
ஈரக்கட்டை முதலில் தன்னைக் காய்ச்சிக்கொள்கிறது,
மிஞ்சினால்தான் நமக்கு.
வடக்கு அடுக்கை அடுத்த வருடத்துக்கு ஒதுக்கினேன்.

நோட்டில் எழுதுகிறேன், பழைய வழித்தட அட்டவணைபோல.
6.10 மூட்டல்.
6.35 கைப்பிடி பாதி.
7.20 தணல், அடுத்த இரண்டு கட்டை.
பயணிகள் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்,
பனிப்புயலில்கூட.
தணல் காத்திருக்காது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இதைப் படிப்பவர் நம்ப வேண்டாம்.
ஜனவரி கடைசியில்
ஆறிவிட்டதாக நினைத்த சாம்பலை வாளியோடு
வாசல் மரப்படியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.
காலையில் படியில் வட்டமாய் ஒரு கருக்கல்,
நடுவில் விரல் நுழையும் குழி.
நல்லவேளை, அன்றிரவு பனி கொட்டியது.
கால்மிதியை இழுத்து மூடிவைத்தேன்.

நேற்று யோருன் வந்தாள்.
பேருந்திலிருந்து இறங்கி
புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள்.
புகை இல்லை.
அதற்குமேல் வானம் மட்டும்
லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.
'அணைந்துவிட்டதா?'
உள்ளே வந்தாள்.
கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் தளதளவென்று நின்றது.
அதைப்பற்றி ஒரு வார்த்தையில்லை.
கோட்டைக் கழற்றினாள்.
ஸ்வெட்டரை.
பிறகு, சோபாவில் காலை நீட்டி,
கம்பளிக் காலுறைகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டாள்.
பிப்ரவரியில்,
எங்கள் வீட்டில்,
வெறுங்கால்.

நான் அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

'வாசல் கால்மிதி,' என்றாள் கண்ணை மூடியபடி,
'ஏன் ஒரு படி கீழே கிடக்கிறது?'