மூன்றாவது டப்பா

திருத்துறைப்பூண்டி பெயின்ட் கடையில்
கலர் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூல் என்னுடையது.
ஷேடு கார்டில் ஆயிரத்து எண்ணூறு நிறம்.
பாதிக்கு வித்தியாசம் தெரியாமலே
தலையாட்டி விற்றிருக்கிறேன்.

மரகதவல்லி வந்தது ஐப்பசி முதல் வாரம்.
வேளாண்மை ஆபீஸ் வேலை. செருப்பில் வயல் சேறு.
"மூணே கலர். மூணும் சூடா இருக்கணும்.
பச்சை மட்டும் காட்டாதீங்க."
பேரைக் கேட்டுவிட்டு நான் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

காலை ஏழு மணியிலிருந்து பச்சையைத்தான் பார்க்கிறாராம்.
நாற்றங்கால் பச்சை,
நட்ட பத்தாம் நாள் பச்சை,
யூரியா கூடிப்போன கரும்பச்சை,
புகையான் விழுந்து பச்சை போன பச்சை.
பையில் அவருக்கும் ஒரு ஷேடு கார்டு இருந்தது:
பயிருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கும் இலை வண்ண அட்டை.
என் கார்டின் மேல் அதைக் கவிழ்த்து வைத்தார்.

அறுபது பங்கு ஒன்று, முப்பது இன்னொன்று,
பத்து மூன்றாவது.
எங்கோ படித்த கணக்கு.
பெயின்டர் செபஸ்தியானுக்கு அது
சிமென்ட், மணல், ஜல்லி மாதிரி கேட்டது.
"மூணையும் ஒண்ணா கலந்துரலாமா?"

அறுபது: வெந்த பருப்பின் மஞ்சள்.
முப்பது: செங்கல்.
அதிலும் சூளையின் நடு அடுக்குச் செங்கல்தான் வேண்டும்,
மேலே வெளிறிவிடும், அடியில் கருகிவிடும் என்றார்.
பத்துதான் அமையவில்லை.
பவழமல்லிக் காம்பு கல்யாண மண்டபம் போலிருந்தது.
கருப்பட்டி ராத்திரி தூங்க விடவில்லையாம்.
குங்குமப்பூ, விலையைக் கேட்டதும்
அதுவாகவே போய்விட்டது.

ஒருநாள் பருப்பு மஞ்சளில் சேலை,
செங்கல் நிறக் கரை,
ரவிக்கை மட்டும் எதிலும் சேராத வெள்ளை.
தோளைத் தட்டிச் சொன்னார்:
"இந்த எடந்தாங்க கிடைக்கல."

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை.
முள்ளியாறு தெருவுக்குள் நடந்தது.
அவர் வீட்டில் முழங்கால் தண்ணீர், இரண்டு நாள்.
வடிந்தபோது
புதுமஞ்சள் சுவரைச் சுற்றி ஒரு கோடு,
ரசமட்டம் வைத்து இழுத்ததுபோல்.

அந்த வாரம் முழுக்க
மூழ்கிய பயிருக்குச் சதவீதம் எழுதினார்.
முப்பத்துமூன்றுக்குக் கீழே என்றால் நிவாரணம் கிடையாது.
ஒருவர் வரப்பிலேயே உட்கார்ந்து
முப்பத்திரண்டா, முப்பத்திரண்டா என்று
கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

பிறகு கடைக்கு வந்தார்.
டிபன் பாக்ஸைத் திறந்தார்.
வண்டல்.
"இதான் பத்து."

"ஈரமா, காஞ்சதா?" என்று கேட்டேன்.
ஈரம் வேறு நிறம், காய்ந்தது வேறு.
"காஞ்சது. ஈரத்தைத்தான் ரெண்டு நாள் பாத்தாச்சே."

ரெட் ஆக்சைடு இரண்டு சொட்டு,
மஞ்சள் ஆக்சைடு ஐந்து,
கறுப்பு, இருக்கிறதா இல்லையா என்கிற அளவு.
ஆறு முறை தப்பியது.
முதலாளி கணக்குப் புத்தகத்துக்கு மேலே கண்ணை உயர்த்தினார்.
ஏழாவது டப்பாவில் விரலைத் தோய்த்து
மணிக்கட்டில் இழுத்து, காயும்வரை நின்றார்.
அன்று கரன்ட் இல்லை, வியர்த்தது.
"ம்" என்றார்.

செபஸ்தியானுக்குத்தான் மனசே இல்லை.
"கறையை மறைக்கத்தான் பெயின்டு.
கறையையே அடிக்கச் சொன்னா என்னங்க அர்த்தம்?"
ஆனாலும் அடித்தார்.
தரையிலிருந்து அந்தக் கோடு வரை,
நான்கு சுவரும், ஒரு கோட்டிங் கூடுதலாக.
அதன்மேல் மஞ்சள் சாயங்காலத்தில்
அடுப்பு எரிவதுபோல் தெரிகிறதாம்.
நான் போய்ப் பார்த்ததில்லை.

பதிவேட்டில் ஷேடு பெயருக்கு ஒரு கட்டம் உண்டு.
என்ன எழுத என்றேன்.
"முழங்கால்."
எழுதினேன்.

அதன்பிறகு அதே தெருவில் நான்கு வீட்டுக்குக் கலக்கிவிட்டேன்.
நேற்று தில்லைவிளாகம் பக்கத்திலிருந்து ஒருவர்,
ஈரக் குடையை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.
அதே கலர்தான் வேணும்,
பேரை மட்டும் மாத்தி எழுதுங்க,
எங்க ஊட்ல இடுப்பு.