கையை எடு

செவ்வாயும் வியாழனும் பின்னேரம் நாலரை.
டச்சு விரிகுடாவுக்குப் பின்னால்
சைக்கிள் திருத்தும் கடையோடு ஒட்டிய தகரக் கொட்டில்.
பதினொரு கதிரை. ஏழு பேர்.
ஏழு கொப்பியிலும் முதல் பக்கம் மட்டும்
முத்து முத்தான எழுத்து.

அம்மாமார் கட்டிய காசில் வருகிறார்கள்.
அபிலக்சனின் அம்மா சங்கிலி அடகுவைத்த துண்டை
என்னிடமே நீட்டிக் காட்டினா,
ஏதோ நான் வட்டி குறைப்பவன்போல.
அவன் கடைசிக் கதிரையில்
போனில் கிரிக்கெட் பார்க்கிறான்.
கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வரும் றிஸ்மி
ஹெல்மெட்டைக் கழற்றுவதே இல்லை,
எப்போதும் புறப்படத் தயாராய்.

"கொரியாவிலயும் அப்பாவுக்கு அப்பாதான்" என்றேன் முதல் நாள்.
வாய் பிளந்தார்கள்.
செவ்வாய் வாங்கிய மீனைப்போல
வியாழனுக்குள் மணத்துவிட்டது
அந்த ஆச்சரியம்.

சம்பளத்தை எழுதி, வொன்னை ரூபாயாக்கிப்
பெருக்கிக் காட்டினேன்.
"கணக்குப் பாடமும் இருக்கோ சேர்?" என்றாள் யதுர்ஷா.
பனி விழும் படம் காட்டினேன்.
வியர்த்து ஒழுகப் பனியைப் பார்த்தார்கள்,
பிறகு வாசலைப் பார்த்தார்கள்.

வாசலில் மான்.
இந்த ஊரில் மான் ஓர் அதிசயமில்லை,
வாழைப்பழத் தோலுக்கு வரும்,
கிடைக்காவிட்டால் சொப்பின் பையையும் தின்னும்.
ஆனாலும் என் பாடத்தைவிட மான் பெரிது.

பிறகுதான் பிடிபட்டது,
இது சோம்பல் இல்லை.
படித்து முடித்தால் போகவேண்டி வரும்.
பிழையாய் எழுதும் ஒவ்வொரு சொல்லும்
இந்தக் கடற்கரையில் இன்னும் ஒரு பின்னேரம்.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.
நானும் பாஸ் பண்ணும் அளவுக்குத்தான் படித்தவன்,
ஒரு புள்ளிகூட அதிகமில்லை.

சோக்கட்டி எடுத்தேன்.
ஒரு கூடாரம், கீழே ஒரு முளை, அதற்கும் கீழே ஒரு மூலை.
"சொன்." கை.
பக்கத்தில் இன்னொன்று. "பே."

"பேயோ சேர்?"

கொட்டில் குலுங்கியது.
ஹெல்மெட்டுக்குள்ளிருந்தும் சிரிப்பு வந்தது.
அடங்கும்வரை நின்றேன்.
"நானும் சிரிச்சனான்" என்றேன்.

அன்சானில் இரவு வேலை. தகடு அழுத்தும் மெஷின்.
அடுத்த வரிசையில் பார்க் என்று ஒரு மனிதர்
"சொன் பே! சொன் பே!" என்று கத்தினார்.
எனக்குப் பேய் என்றுதான் கேட்டது.
அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.
சிரித்தபடி,
இடது கையை
எடுக்காமல் நின்றேன்.

இத்தனை நாளும் பொக்கற்றுக்குள் வைத்தே படிப்பித்த கையை
மேசையில் வைத்தேன்.
இரண்டு விரல் குறைவு.
யாரும் உற்றுப் பார்க்கவில்லை.
பார்க்காமலும் இல்லை.

"போங்கோ எண்டு சொல்லேல்ல.
போறதும் நிக்கிறதும் உங்கட பாடு.
ஆனா ஒருத்தர் உங்களுக்காகக் கத்தேக்க
அது உங்களுக்கெண்டு விளங்கவேணும்."
அதற்குமேல் வரவில்லை,
இரண்டு மொழியிலும்.

போனில் யாரோ நாலு அடித்த ஆரவாரம்.
அபிலக்சன் அதை நிறுத்தினான்.
"பிறகு அந்தாள் என்ன செய்தது?"
"ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் கொண்டு வந்தார்.
பக்கத்தில இருந்து கனநேரம் கதைச்சார்."
"என்னவாம்?"
"ஒண்டும் விளங்கேல்ல."
"இப்ப எண்டா விளங்குமே?"
இப்போது விளங்கும்.
அவர் சொன்ன ஒரு சத்தமும் நினைவில் இல்லை.

யதுர்ஷாதான் முதலில் சொன்னாள்.
மெல்ல, யாரையோ தூக்கத்தில் எழுப்புவதுபோல.
"அப்பிடிச் சொன்னா கை போயிடும்" என்றேன்.
றிஸ்மி எழுந்தான்,
ஹெல்மெட்டைக் கழற்றினான்,
தகரம் அதிரக் கத்தினான்.
மான் ஒரே பாய்ச்சலில் வீதியைத் தாண்டியது.
"அதுக்கு விளங்கீற்று சேர்!"

வியாழக்கிழமை ஐந்து பேர்தான் வந்தார்கள்.
வாசலில் கவிழ்த்திருந்த ஹெல்மெட்டை
மான் மணந்து பார்த்துக்கொண்டு நின்றது.