பலகையின் வலப்பக்கம்

கொளப்பள்ளிக்கு மேலே இரண்டாவது வளைவில்
எங்கள் கொழுந்துக் கொட்டகை.
பலகையின் இடப்பக்கம் பேரும் கிலோவும்.
வலப்பக்கம் சும்மா கிடந்தது.
ஆடி மழையில் லாரி வராத ஒரு மதியம்
சாக்பீஸ் கையில் இருந்த ஒரே காரணத்தால்
எழுதினேன்:
சாவி தமிழ்ச் சொல் இல்லை.
போர்த்துகீசியரோடு கப்பலில் வந்தது.

'பூட்டு?' என்றான் டிரைவர் ஜோஜி.
பூட்டு நம்முடையது என்றேன்.
'அப்போ நாம பூட்டினோம்,
அவன் தொறந்துட்டுப் போயிட்டான்.'

அன்றிலிருந்து தினமும் ஒன்று.
துட்டு, டச்சுக்காரன் காசு.
கற்பூர மரம் ஆஸ்திரேலியா.
உருளைக்கிழங்குக்குப் பெரு நாட்டு மலை.
தேநீரில் தேன் கிடையாது;
தே என்பது சீனக் கடலோரத்தில்
இந்த இலைக்கு வைத்த பேர்.

அட்டைக்கு முப்பத்திரண்டு நரம்பு முடிச்சு,
ஒவ்வொன்றும் குட்டி மூளை மாதிரி என்று எழுதிய நாளில்
மகுடேஸ்வரி கணுக்காலில் உப்பைத் தேய்த்தபடி
'கடிக்கிறதுக்கு இத்தன யோசனையா' என்றாள்.
கணக்குப்பிள்ளை என்று வாயில் வராமல்
வெள்ளைக்காரன் கானிகோபொலி ஆக்கினான் என்று எழுதிய நாளில்
சாயங்காலம் வரை எனக்கு அதுதான் பேர்,
ஒவ்வொரு சாக்கு இறங்கும்போதும் ஒரு சிரிப்போடு.
குரூப் ஃபோர் எழுதும் பையன் ஒருவன்
பஸ்ஸுக்கு முன்னால் ஓடி வந்து
போனில் படமெடுத்துக்கொண்டு ஓடுவான்.

சிவனம்மா மட்டும் பலகைப் பக்கம் திரும்பியதில்லை.
தராசில் ஏற்றுவாள், எண்ணைக் கேட்பாள், இறக்குவாள்.
முப்பத்தொன்பது.
மழைக்காலச் சாக்குக்கு இரண்டு.
கழித்து முப்பத்தேழு.
சரி என்றோ இல்லை என்றோ சொல்லாத முகம்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை
கொழுந்தையெல்லாம் தரையில் கொட்டிவிட்டு
வெறும் சாக்கைச் சொட்டச் சொட்டத்
தராசில் போட்டாள்.
சிவப்பு எண்கள் துள்ளின,
தடுமாறின,
எழுநூற்று நாற்பது கிராமில் நின்றன.

'இத எழுதுங்க கணக்கப்புள்ள.
இதுவும் பொது அறிவுதான?'

வரிசை பேசவில்லை. ஜோஜி மட்டும் இருமினான்.
எனக்குத் தெரியாததா அது?
பதினோரு வருடம் இதே கையால்
இடப்பக்கத்தில் இரண்டு இரண்டாகக் கழித்து
வலப்பக்கத்தில் பெருவையும் சீனாவையும்
கொண்டுவந்து நிறுத்தியவன் நான்.
ஆறாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள கிழங்கின் ஊர் தெரியும்.
ஆறடியில் தொங்கும் சாக்கை
ஒரு நாளும் வெறுமையாய் நிறுத்துப் பார்க்கவில்லை.
பார்க்கவில்லை என்பதும் பொய்.
ஒருமுறை பார்த்தேன்.
அது என் சேர்ந்த வருடம்.

எழுதினேன். ஒரு சொல் கூட்டாமல்.
நனைந்த சாக்கின் எடை
எழுநூற்று நாற்பது கிராம்.
பையன் படமெடுத்தான்.
'இது எந்தப் பாடத்துல சார் வரும்?'

மறுநாள் காலை மேனேஜர்
தானே ஈரத்துணி எடுத்துத் துடைத்தார்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
டீ வந்தது, குடித்தார், போனார்.
பலகை காயக் காய
நாற்பது மட்டும் மங்கலாகத் திரும்பி வந்தது.

அடுத்த வாரம் சாக்குக் கழிவு ஒன்றரை.
ஏன் என்று யாரும் சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை.
அன்றைக்கு எழுதினேன்:
நிறை என்றால் எடை.
நிறை என்றால் குறையில்லாதது.
பழைய தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்.

சிவனம்மா முதல்முறையாக நின்றாள்.
உதடு அசைய, எழுத்துக் கூட்டி,
மழையில் ஒரு கால் கொட்டகையில் ஒரு கால் வைத்துப்
படித்து முடித்தாள்.
பிறகு தராசைப் பார்த்தாள்.

'ஒன்னரையில எழுநூத்து நாப்பது போனா?'

எழுநூற்று அறுபது என்றேன்.

'அத நாளைக்கு எழுதுங்க.'