முப்பத்திரண்டு எழுத்து

எம்ஸ்ஹாவனில் கடல் கண்ணுக்குத் தெரியாது.
கரைமேடு மறைக்கும்.
காற்று மட்டும் மேட்டைத் தாண்டி வந்து
குளிர்விப்பான்களின் வாயில் நுழைந்துகொள்ளும்.

உள்ளே, நான்காம் கூடத்தில்,
சீட்ஸ்கே இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு கணினியைச் செய்தாள்.
செய்தாள் என்றால்,
கைக்குப் பிடிபட அங்கே ஒன்றுமில்லை.
பெரிய இரும்பொன்றின் நினைவுக்குள்
தானும் இரும்புதான் என்று நம்பும்
ஒரு சின்னக் கணினி.
இயங்குதளம் இட்டாள்.
ஓட்டைகளை அடைத்தாள்.
கடிகாரத்தை ஆம்ஸ்டர்டாமுக்குத் திருப்பினாள்.
வேண்டாத கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.
அப்படியே உறையவைத்துப் படிமம் ஆக்கினாள்.

(கவிதையில் வருவதல்ல இது.
இந்தப் படிமம் நானூற்றுப் பன்னிரண்டு முறையும்
பிசகாமல் அதே பொருளைத் தரும்.)

இரண்டு மணிக்கு ஏவினாள்.
ஓய்வூதிய நிதியத்தின் சேவையகங்கள் அத்தனையும்
ஏழு நிமிடத்தில் கண் திறந்தன.
பச்சை, பச்சை, பச்சை.
காபி எடுக்கப் போனாள்.

திரும்பி வந்தபோதும் பச்சைதான்.
அதுதான் கொடுமை.
பதிவேட்டில் மட்டும்
ஒரே ஒரு ஆள் பேசிக்கொண்டிருந்தான்.
முகவரி வழங்கி, பாவம், என்ன செய்யும்?
வந்தவனெல்லாம் ஒரே அடையாளத்தை நீட்ட
வந்தவனுக்கெல்லாம் ஒரே கதவிலக்கத்தைத் தந்தது.
ஒன்று வாய் திறந்தால் இன்னொன்று ஊமையாகும்.
யாரோ ஒரு பெரியவரின் ஏப்ரல் தொகை
ஒரு கணினியில் பாதி கணக்காகி
அடுத்ததில் முதலிலிருந்து தொடங்கி
மூன்றாவதில் இல்லாமலே போனது.

ஹிண்டெர்க் வீட்டிலிருந்து அழைத்தான்,
குரலில் போர்வை இன்னும் விலகவில்லை.
"எது கெட்டுப்போச்சு?"
"எதுவும் கெடல. எல்லாரும் ஒரே ஆளு."
கொஞ்ச நேரம் தொலைபேசியில் மூச்சு மட்டும்.
"அந்தக் கோப்பா?"
"அந்தக் கோப்புதான்."

முப்பத்திரண்டு எழுத்து. ஒற்றை வரி.
உறையவைக்கும் முன்
அதை வெறுமையாக்கியிருக்க வேண்டும்.
வெறுமையாய் விட்டால்
கண் திறக்கும் ஒவ்வொன்றும்
தனக்கானதைத் தானே எழுதிக்கொள்ளும்.
மறந்திருந்தாள். அவ்வளவுதான்.

திறந்தாள், அழித்தாள், மூடினாள்.
நாற்பது நாற்பதாக மறுபடி ஏவச் சொல்லிவிட்டு
காற்று வாங்கக் கரைமேட்டில் ஏறினாள்.

இருட்டு பிரியும் நேரம். தூறல்.
ஃபோக்கோ ஒரு செம்மறியைக் கழுத்தோடு அணைத்து நின்றான்.
"இவ காதுல மஞ்சள் வில்லை போயிடுச்சு. கம்பியில மாட்டியிருக்கும்."
"எண் என்ன?"
"யாருக்குத் தெரியும்?
மத்ததையெல்லாம் படிக்கணும்.
எது மிச்சமோ அது இவ."
அறுபத்தெட்டு ஆடு.
அவள் கைவிளக்கைப் பிடித்தாள், அவன் காதுகளைப் புரட்டினான்.
முப்பதாவதோ என்னவோ
அவள் கையுறையைச் சாவகாசமாக நக்கியது.

ஐந்தே முக்காலுக்குத் திரும்பினாள்.
நானூற்றுப் பன்னிரண்டும் வெவ்வேறு ஆட்கள்.
ஆனால் பதிவேட்டில் நானூற்றுப் பதின்மூன்று.
ஒருவன் மட்டும்
பழைய முப்பத்திரண்டு எழுத்தோடு
இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

கழித்துக் கழித்துப் போய்ச் சேர்ந்தாள்.
அவள் செய்தது.
முதலாவது.
நகலெடுத்தபின் அணைக்காமல் விட்டது
இரவு முழுக்கக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று
இருபத்தொன்பது பேருக்கு
ஏப்ரல் தொகை கணக்கிட்டிருந்தது.
ஒரு சென்ட் பிழையில்லை.

அணை என்றாள்.
நிச்சயமா என்று திரை கேட்டது,
எல்லாவற்றுக்கும் அப்படித்தான் கேட்கும்.
இவள் கொஞ்சம் தாமதித்தாள், அதுதான் வழக்கமில்லை.

அறிக்கைப் படிவத்தில்
காரணம் என்ற இடத்தில்: ஒரு வரி.
பொறுப்பு என்ற இடத்தில் எல்லாரும் 'குழு' என்றே போடுவார்கள்.
சீட்ஸ்கே டைக்கெமா என்று முழுசாக எழுதினாள்,
ஆட்டு வாடை அடிக்கும் விரல்களால்.