இரண்டு துளை

லியெக்ஸாவில் இன்று மைனஸ் இருபத்தைந்து.
பட்டறைக்கு வெளியே, பனிக்குள்
ஒரு பேரிங்கைப் புதைத்துவைத்திருக்கிறேன்,
எண்ணெய்த்தாள் பிரிக்காமல்.
நரி இழுத்துப் போகாதிருக்க
மேலே ஒரு வாளி கவிழ்த்து.

மரம் வெட்டும் இயந்திரத்தின் கைமூட்டு இது.
வெய்க்கோ தொல்வனெனுக்கு நாளை வேண்டும்.
பாதை சேறாவதற்குள்
அவனுடைய பைன் மரமெல்லாம் காட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

துளை, அறுபத்திரண்டுக்கு முப்பது மைக்ரான் குறைவாக.
தலைமுடியில் பாதிகூட இல்லை அந்த முப்பது.
அதுதான் பிடி.
மற்றதெல்லாம் வெறும் ஓட்டை.

முதல் துண்டை நேற்று நான் கெடுத்தேன்.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.
கடைசி வெட்டுக்கு நான்கு மைக்ரான் கேட்டேன்.
இந்த எஃகு தரவில்லை, உளி வழுக்கிப் பளபளப்பாக்கியது.
இன்னும் நான்கு. இல்லை.
இன்னும் நான்கு என்றதும்
கேட்டது கேட்காதது எல்லாம் சேர்த்துக் கொடுத்தது.
பேரிங் தானாகவே உள்ளே விழுந்தது,
டக்.
பிழைப்பில் கேட்கக்கூடாத சத்தம்.

அலமாரியில் மிச்சம் ஒரே துண்டு.
இம்முறை புதிய முனை. துணிந்த வெட்டு.
கடைசிக்கு முந்தையதோடு நிறுத்தினேன்.
நீலச் சுருள்கள் காலடியில் கிடந்து நொறுங்க
கேஜை எடுத்தேன், கீழே வைத்தேன்.
சூட்டோடு சூடாகச் செய்யும் காரியமல்ல இது.
விளக்கணைத்து வீட்டுக்குப் போனேன்.
தூங்கினேன் என்று சொல்லமாட்டேன்.

காலையில் அளந்தால்
இரவோடு இரவாகப் பதினொரு மைக்ரான் சுருங்கியிருந்தது துளை.
அதையும் கணக்கில் சேர்த்து
ஒரே ஓட்டம்.
சரியாக வந்தது.
இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கலாமே என்றது கை.
கையை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மூட்டை ஹீட்டர் மேல் வைத்தாயிற்று.
வாளியை நிமிர்த்தி
பனியிலிருந்து எடுத்து ஓடினேன்.
கையுறையையும் மீறிக் கடித்தது.
குளிரில் ஒடுங்கிய இரும்பு
சூட்டில் விரிந்த இரும்புக்குள்
சுத்தியலும் இல்லாமல், பிரஸ்ஸும் இல்லாமல்,
அடிவரை இறங்கி உட்கார்ந்தது.
மேல்விளிம்பில் வெண்பனி பூத்தது. துடைத்தேன்.
கால் மணி நேரம்.
ஒன்று வளர்ந்தது, மற்றது இறுகியது.

வெய்க்கோ வந்து கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தான்.
"பசையா?"
"இல்லை."
பில்லை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான்.
"பதினான்கு மணி நேரமா, இர்மெலி?
ஒரு துளைக்கா?"

"இரண்டு," என்றேன்.
"ஒன்றுக்கு மட்டும் காசு கொடு."