தொண்ணூற்றேழு யூனிட்

காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்தவள்.
மீட்டர் பார்த்து எழுதுவது வேலை.
ஒரே மின்துறைதான்,
நடுவில் இரண்டு மாநிலம் படுத்துக் கிடக்கிறது.

மாஹே. இங்கே மய்யழி என்கிறார்கள்.
பாலத்தில் நின்று தும்மினால்
பாதித் தும்மல் கேரளத்தில் விழும்.
காலை பத்துக்கே பார் வாசலில் அக்கரைச் செருப்புகள்.

அதைத் தாண்டினால் பட்டாளக்காரர் சந்து.
பலகையில் 'ரூ' என்று தொடங்கும் வேறு ஏதோ பெயர்,
மிச்சத்தைத் துரு படித்துவிட்டது.
பத்தொன்பது வீடு.
மத்தி விற்கிற பீபாத்து
முதலில் பிரெஞ்சில் விலை சொல்கிறாள்,
பேரம் தொடங்கியதும் மலையாளத்துக்கு இறங்குகிறாள்.
எனக்கு மட்டும் விரலைக் காட்டுவாள்.

ஏழாவது வீடு முஸ்யே கணாரன்.
ஜிபூத்தியில் இருந்தவர். இடது காது அங்கேயே தங்கிவிட்டது.
என்னை எண் பார்க்க விடமாட்டார்.
கண்ணாடியை நெற்றியில் ஏற்றி அவரே கத்துவார்:
'காத்ர வேன் தீ ஸெத்!'
நாலு இருபது, பத்து, ஏழு.
உள்ளேயிருந்து மதாம் தேவூட்டி,
'தொண்ணூற்றேழு, மோளே'.

சிரிக்கப் போனேன்.
அப்புறம் நம்முடையதை நினைத்துப் பார்த்தேன்.
எண்பது வரைக்கும் பத்துப் பத்தாக ஒழுங்காக ஏறிவந்து
தொண்ணூறு மட்டும்
வராத நூறைக் கடன் வாங்கிக்கொண்டு நிற்கிறதே.
வாயை மூடிக்கொண்டு எழுதினேன்.

தை மாதம் ஒரு தாளோடு வாசலில் நின்றார்.
உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம்
பாரீசுக்குச் சொல்ல வேண்டுமாம், பென்ஷனுக்கு.
விலாசத்துக்கு அத்தாட்சியாக
மின்கட்டண ரசீதை வைத்திருந்தார்.
ரசீதில் பெயர் சாத்து.
அவருடைய அப்பா.
போய் நாற்பத்தொரு வருஷம்.
எங்கள் கணக்கில் சாத்து இன்னும் விசிறி போடுகிறார்,
மோட்டார் ஓட்டுகிறார், பாக்கி வைக்காமல் கட்டுகிறார்.
பெயர் மாற்றினால் டெபாசிட் கூடும் என்று
யாரும் அவரைச் சாகவிடவில்லை.

'நீ சொல்லு,' என்றார் கணாரன்.
'அரசாங்கம் நீதானே. நான் இருக்கிறேனா இல்லையா?'
அதற்கு என் கருவியில் பொத்தான் இல்லை.
'கதவு பூட்டியுள்ளது' என்பதற்கு இருக்கிறது.
எதிர்வீட்டுக்கு மாதாமாதம் அதைத்தான் அழுத்துகிறேன்.
துலூஸ் போனவர்கள் திரும்பவில்லை,
ஆனாலும் இரண்டு யூனிட் ஓடுகிறது.
உள்ளே என்ன எரிகிறது என்று
சந்தில் யாருக்கும் தெரியவில்லை.

பெயர் மாற்ற விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன்.
மதாம் பலாக்காய் உப்பேரி கொடுத்தாள்.
டெபாசிட் தொகையைச் சொன்னதும்
இரண்டு பேரும் பிரெஞ்சில் சண்டை போட்டார்கள்.
மலையாளத்தில் போட்டால் பீபாத்துவுக்குக் கேட்டுவிடுமாம்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.
அடுத்த மாற்றல் பட்டியலுக்கு
இன்னும் எத்தனை நாள்டி?
வாய் தவறி வந்துவிட்டது: 'காத்ர வேன்.'

'வேனா?
ஆர்டரே வந்துடுச்சா?
சாமான் ஏத்த ஒரு வேன் போதாதா,
உனக்கு எதுக்கு இத்தனை?'