சிவந்ததை மட்டும்

நீர்க்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
அந்தோணிக்கிளி கேட்கிறாள்:
"மலையிலருந்து கொண்டாந்த தூளு
இன்னும் டப்பாவுலயாடி இருக்கு?"
சின்னப்பாலத்தில் மணி மூன்று.
விரலில் சுற்றிய துணி ஊறி
பாறை கிழித்த இடத்தில்
உப்பு தன் வேலையைப் பார்க்கிறது.
மணலில் காயக் கிடக்கிறது கட்டக்கோரை.

போன மாதம்
ஒரே வேனில் பதினான்கு பேர்
தாண்டிக்குடி போனோம்.
நாங்கள் ஒடிக்கும் பாசியைக் காய்ச்சி வடித்து
கேனில் அடைத்து விற்கிறது ஒரு கம்பெனி;
அதை வாங்கித் தெளிக்கிற காப்பித் தோட்டம் அங்கே.
பட்டிவீரன்பட்டி தாண்டி வளைவுகள் தொடங்கியதும்
எந்த வாடைக்காற்றிலும் வாந்தி எடுக்காத நம்புசெல்வி
ஒவ்வொரு திருப்பத்திலும் எடுத்தாள்.
"தரை இப்படி ஆடக் கூடாதுடி" என்றாள்.

தோட்டக்காரர் பெயர் சடையாண்டி.
இறங்கியதும் முதல் காரியமாக
ஒரு கிண்ணத்தை நீட்டி,
"அட்டை ஏறும், காலில் உப்புத் தடவிக்கொள்ளுங்கள்" என்றார்.
எங்கள் கால்களுக்கு!
சிரித்து ஓயக் கொஞ்ச நேரம் ஆனது.
பாவம், அவருக்கு ஏன் என்று தெரியவில்லை.

மேலே பலா,
அதற்குக் கீழே கல்யாண முருங்கை,
அதைப் பிடித்து ஏறும் மிளகு,
எல்லாவற்றுக்கும் அடியில் காப்பி.
"வெயில் நேராக விழக் கூடாது இதுக்கு" என்றார்.
அண்ணாந்து பார்த்தேன்.
இரண்டு பாகம் ஆழத்தில் நின்று பார்த்தால்
வெளிச்சம் இப்படித்தான் உடைந்து உடைந்து இறங்கும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை
பிறகுதான் கவனித்தேன்.

"சிவந்ததை மட்டும் பறிப்போம்.
பச்சையைத் தொட மாட்டோம்.
மரத்தை வெட்டவில்லை, விஷம் அடிக்கவில்லை"
பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.
காளிமுத்தம்மாள் பொறுக்கவில்லை.
"நாங்களும் வேரை விட்டுட்டுத்தான் ஒடிப்போம் சார்.
மாசத்துல பன்னெண்டு நாளுதான் இறங்குவோம்."
"யார் சொல்லிக்கொடுத்தது?"
"ஒரு வருசம் பாறை மொட்டையா நின்னுச்சு.
அதான்."

அவர் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.
கிலோவுக்கு உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார்.
சொன்னேன்.
கேன் விலையை மனதுக்குள் வகுக்கிறார்,
உதடு அசைவதிலிருந்து தெரிந்தது.
பாதிக் கணக்கில் நிறுத்திவிட்டு
"எல்லாரும் காப்பி குடிங்க" என்றார்.

யாரும் பார்க்காதபோது
ஒரு செடிக்கடியில் குந்தி
கைப்பிடி மண்ணை மோந்து பார்த்தேன்.
கடல் வாசம் வரும் என்று நினைத்திருந்தேன்.
வரவில்லை.
மழை ஊறிய இலையும், மட்கிய பலாவும்.
எவ்வளவு கோரை, எத்தனை முங்கல்,
எங்கே போயிற்று எல்லாம் என்று
அந்தச் சிவந்த பழங்களைக் கேட்கவா முடியும்?

இப்போது மூன்று கல்.
கிணற்றுத் தண்ணீர் கரிக்கும் என்பதால்
குடம் பதினைந்து ரூபாய்த் தண்ணீர்.
எங்களுக்குக் காப்பி என்றால் சுக்கும் கருப்பட்டியும்தான்;
காப்பிக்கொட்டை சேராத காப்பி.
இன்று கருப்பட்டியோடு மலைத்தூளும் சேர்ந்தது.
நுரை பொங்கி நெருப்பில் சீறியது.

கிளி ஒரு மிடறு குடித்து முகம் சுளித்தாள்.
"என்னடி கசக்குது?"
"காப்பியில காப்பி இருந்தா கசக்காதா?"
நம்புசெல்வி இரண்டாம் டம்ளருக்கு
நீட்டியபடி இருந்தாள்.

சட்டியின் அடியில் சக்கை மிஞ்சியது.
"செடிக்குப் போடச் சொன்னாருல்ல?"
"எந்தச் செடிக்கு?"
சுற்றிலும் பார்த்தோம்.
மணல். உடைமரம். ஒற்றைப் பனை.
நம்புசெல்வி சட்டியோடு எழுந்து
முழங்கால் அளவு போய்க் கவிழ்த்தாள்.
"நம்மளோடத அவரு ஊத்துறாருல்ல."

பழுப்பாக ஒரு கணம் நின்றது,
அடுத்த அலையில் இல்லை.
விரல் துணியை அவிழ்த்துப் பிழிந்து
மறுபடி சுற்றிக்கொண்டேன்.
இன்று பத்தாம் நாள்.
இந்த மாதம் இன்னும் இரண்டு.